மின்னூலின் கோப்பு வடிவமும் தமிழ் வாசகரும்

ஒரு நூலை இணையத்தின் வழியாக வெளியிடுபவர் அட்டைப்படம், விலை, உரிமம் ஆகியவற்றைப் பற்றி நெடுநேரம் யோசிக்கிறார். ஆனால் அந்நூல் எந்தக் கோப்பு வடிவத்தில் வாசகரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அச்சகத்துக்கு அனுப்பப்பட்ட கடைசிக் கோப்பே தீர்மானித்துவிடுகிறது. கோப்பு வடிவம் என்பது, எழுத்து, படம், தலைப்பு, அடிக்குறிப்பு போன்ற நூலின் உறுப்புகளைக் கணினியில் எந்த ஒழுங்கில் எழுதிவைப்பது, அவற்றைத் திறக்கும் மென்பொருள் எப்படிப் படித்துத் திரையில் காட்டுவது என்பவை குறித்த உடன்பாடாகும். கைப்பேசியில் படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள இயலுமா, பார்வையற்ற ஒருவருக்குக் கருவி அந்நூலை வாய்விட்டுப் படித்துக்காட்டுமா, ஆய்வாளர் ஒரு சொல்லைத் தேடினால் அது அகப்படுமா, இருபது ஆண்டுகள் கழித்தும் அக்கோப்பு திறக்குமா என்பன எல்லாம் இந்த உடன்பாட்டின் தன்மையைப் பொறுத்தவை. தமிழ் நூலுக்கு இக்கேள்விகளுக்கும் முந்தைய ஒரு கேள்வி உண்டு: கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே தமிழ் எழுத்துதானா, அல்லது தமிழ் எழுத்தைப் போலத் தோற்றமளிக்கும் உருவங்களா என்பதே அது. அதற்கு விடை காணாமல் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது பயன் தருவதில்லை.

நூல்களை மின்வடிவில் பரப்பும் முயற்சி தொடக்கத்திலேயே வடிவம் பற்றிய தெளிவான ஒரு முடிவோடு பிறந்தது. 1971 ஜூலை 4 அன்று இலினாய் பல்கலைக்கழகத்தின் கணினியில் அமெரிக்க விடுதலைச் சாசனத்தைத் தட்டச்சு செய்து வைத்த மைக்கேல் ஹார்ட், பின்னாளில் குட்டன்பர்க் திட்டமாக வளர்ந்த அப்பணிக்கு வெற்று உரைக் கோப்பையே அடித்தளமாகக் கொண்டார். வெற்று உரை என்பது எழுத்துகளும் இடைவெளிகளும் வரி முறிவுகளும் மட்டுமே அடங்கிய கோப்பு. அதில் சாய்வெழுத்தும் இல்லை, படமும் இல்லை, தலைப்பு எது, பத்தி எது என்று சொல்லும் குறிப்பும் இல்லை. அந்த எளிமையே அதன் ஆயுளாயிற்று. எத்தனையோ நிறுவனங்களின் வடிவங்கள் வந்து மறைந்த பின்னும் வெற்று உரை எந்தக் கணினியிலும் திறக்கிறது. ஆயினும் அது அன்று ஊன்றி நின்ற ஆஸ்கி என்னும் குறியாக்கத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் அட்டவணையில், 128 இடங்களே இருந்தன; ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் கணினிக்கான கட்டளைக் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டதால் தமிழுக்கு அங்கே ஓர் இடமும் இல்லை.

ஆகவே தமிழ் மின்னூலின் வரலாறு வேறொரு வாசல் வழியாகத் தொடங்கியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்கள் 1980களிலும் 1990களிலும் பெருகின. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் அகரத்தின் உருவம் அமர்ந்திருந்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பதிப்பகங்களும் இதழ்களும் தத்தம் எழுத்துருவோடு தத்தம் குறியாக்கத்தையும் வைத்துக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க, இணையத்தில் செயல்பட்ட தமிழ் ஆர்வலர்கள் டிஸ்கி என்னும் பொதுக் குறியாக்கத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தாப், தாம் என்னும் குறியாக்கங்களை ஏற்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்ற நோக்கில் அமைந்த யூனிக்கோடு, அதாவது ஒருங்குறி, 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது; எனினும் இயக்குதளங்களும் உலாவிகளும் அதைச் சரிவரக் காட்டத் தொடங்கியது 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். தமிழ்நாடு அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல்.

இந்த மாற்றங்கள் அனைத்தையும் கடந்துவந்த ஒரு முயற்சியின் அனுபவம் இங்கே பெரிதும் கற்கத்தக்கது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கிவரும் பணியாகும். அதன் நூல்கள் முதலில் மயிலை போன்ற எழுத்துருக்களிலும், பின்னர் டிஸ்கியிலும், அதற்குப் பின் யூனிக்கோடிலும் வெளிவந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்நூல்களை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டிய நிலை ஏற்படவில்லை. மூலம் உரையாகவே இருந்ததாலும், பழைய அட்டவணையின் எந்த எண் புதிய அட்டவணையின் எந்த எண்ணுக்கு ஒப்பானது என்பது தெளிவாகத் தெரிந்திருந்ததாலும், நிரல் ஒன்றின் துணையோடு அவற்றை மாற்ற முடிந்தது. அதே காலத்தில் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் பக்கம் அமைத்து அச்சிட்டு, கோப்பைக் குறுந்தகட்டில் போட்டு வைத்த பதிப்பகங்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற்போயிற்று. எழுத்துருவும் தொலைந்து, மென்பொருளும் காலாவதியான பின், அச்சான நூலை எடுத்து மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை.

இன்று தமிழில் மின்னூல் என்றாலே பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது பிடிஎஃப். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரமாக ஏற்கப்பட்டது. ஓர் ஆவணம் எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் பிறப்பின் நோக்கம். அந்நோக்கத்தை அது மிகச் சிறப்பாக நிறைவேற்றுகிறது. எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்துசெல்வதால், யூனிக்கோடு பரவாத காலத்தில் தமிழைச் சிதையாமல் காட்டுவதற்கு ஏறக்குறைய ஒரே வழியாகவும் அது இருந்தது; தமிழ்ப் பதிப்புலகம் அதைப் பற்றிக்கொண்டதற்கு இந்த வரலாற்றுக் காரணத்தை மறந்துவிடலாகாது. ஆனால் தோற்றத்தை உறையவைக்கும் அதே குணம் சிறிய திரையில் தடையாகிறது. ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் பொதுவாக 70 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அப்பக்கம் திரைக்குள் முழுதாக அடங்கும்போது 11 புள்ளி அளவில் கோக்கப்பட்ட எழுத்து 5 புள்ளியாகச் சுருங்குகிறது; ஏ4 பக்கமாயின் 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிறது. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழ் எழுத்தில், மேலே வைக்கும் புள்ளி ஒன்றால் மெய்யும் உயிர்மெய்யும் வேறுபடும் நிலையில், அந்த அளவில் படிப்பது கண்ணுக்குத் துன்பம். வாசகர் பெரிதாக்கினால் வரியின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட ஆழமான குறை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறது. பிடிஎஃப் தன்னளவில் எழுத்துகளைச் சேமிப்பதில்லை; பக்கத்தின் இன்ன இடத்தில் இன்ன உருவத்தை வை என்ற கட்டளைகளையே சேமிக்கிறது. எந்த உருவம் எந்த எழுத்துக்குரியது என்பதைச் சொல்லும் அட்டவணை அதனோடு இணைக்கப்பட்டால்தான் தேடலும் படியெடுத்தலும் நடக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் உருவம், அதுவும் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் பெரிய சிக்கல் எழுவதில்லை. தமிழில் ‘கொ’ என்னும் உயிர்மெய்யின் ஒலிப்பு வரிசையில் ககர மெய் முன்னும் ஒகரம் பின்னும் வந்தாலும், காட்சியில் ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் நடுவிலும் கால் பின்னும் நிற்கின்றன. காட்சி வரிசையில் உருவங்களை எழுதிவைத்த பிடிஎஃப் கோப்பிலிருந்து ‘கொடை’ என்ற சொல்லைப் படியெடுத்தால் ‘ெகாைட’ என்று வருவதை ஆய்வு மாணவர் பலரும் அறிவர். அவ்வாறான கோப்பில் ‘கொடை’ என்று தேடினால் அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தாலும் அகப்படாது. பழைய எழுத்துருவில் கோத்த நூலாயின் நிலைமை இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் பக்கம் தேடுபொறிக்கு ஆங்கிலக் குவியலாகவே தெரிவதால், அந்நூல் இணையத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஒளிவருடிய பக்கங்களால் ஆன பிடிஎஃப் கோப்புகளைத் தனியே நோக்க வேண்டும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் திரட்டிவரும் நூலகம் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரும்பாலும் இவ்வகைக் கோப்புகளையே வழங்குகின்றன. அவற்றைக் குறை சொல்வது நியாயமாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், எஞ்சியிருக்கும் படியொன்றின் பக்கங்களை உள்ளபடியே படமெடுத்துக் காப்பது முதற்கடமை; முகப்பு அட்டையும் விளம்பரங்களும் அச்சகத்தின் பெயரும் பழைய எழுத்து வடிவங்களும் வரலாற்றுச் சான்றுகள் என்பதால் படத்துக்கு ஈடாக உரை நிற்க முடியாது. ஆனால் காப்பதற்கு உகந்த வடிவமும் வாசிப்பதற்கு உகந்த வடிவமும் ஒன்றே என்று கொள்வதில் பிழை நேர்கிறது. ஏ5 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் வண்ணத்தில் வருடினால் சுருக்குவதற்கு முன் அது ஏறத்தாழ 13 எம்பி இடம் கொள்கிறது. 300 பக்க நூல் 4 ஜிபியை நெருங்குகிறது. சுருக்கிய பின்னும் அது பல பத்து எம்பியாக எஞ்ச, 50,000 சொற்கள் கொண்ட ஒரு தமிழ் நாவலின் முழு உரையோ, யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவானாலும், ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. மாதத் தரவு அளவை எண்ணிச் செலவிடும் வாசகருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

படத்திலிருந்து உரையை மீட்கும் எழுத்துணரித் தொழில்நுட்பம் தமிழுக்கு இப்போது நன்றாகவே செயல்படுகிறது. திறந்த மூலமான டெசராக்ட்டும் கூகுளின் எழுத்துணரியும் தெளிவான அச்சைப் பெருமளவு சரியாகப் படிக்கின்றன. எனினும் காலையும் ரகரத்தையும், ஔகாரத்தின் சிறகையும் ளகரத்தையும் அவை மாற்றிவிடுவதால் மெய்ப்புப் பார்ப்பது தவிர்க்க முடியாதது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் வருடல்களைத் தமிழ் விக்கிமூலத்துக்கு வழங்கியதும், அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருவதும் இத்துறையின் மிகச் சிறந்த ஏற்பாடு எனலாம். ஒரே திரையில் ஒருபுறம் பழைய பக்கத்தின் படமும் மறுபுறம் திருத்திய உரையும் இருப்பதால் சான்றும் வாசிப்பும் பிரியாமல் நிற்கின்றன. முடிந்த நூலை வாசகர் தமக்கு வேண்டிய வடிவத்தில் இறக்கிக்கொள்ளவும் முடிகிறது.

வாசிப்புக்கென்றே வகுக்கப்பட்ட வடிவங்களில் முதன்மையானது இபப். 1999இல் வெளியான திறந்த மின்னூல் கட்டமைப்பு என்னும் முன்னோடியிலிருந்து வளர்ந்து, 2007இல் இப்பெயரைப் பெற்று, 2011இல் மூன்றாம் பதிப்பை எட்டிய இத்தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017இல் தன் பொறுப்பில் ஏற்றது. 2023 மே மாதம் இபப் 3.3 அக்கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளியானது. இபப் கோப்பு உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி. அதன் உள்ளே இயல்கள் வலைப்பக்கங்களுக்குரிய எச்டிஎம்எல் மொழியில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. தோற்றத்தை வரையறுக்கும் பாணிக் கோப்பு ஒன்று, படங்கள், தேவையாயின் எழுத்துரு, இயல்களின் வரிசையையும் நூலின் பெயர், ஆசிரியர், மொழி போன்ற விவரங்களையும் சொல்லும் பட்டியல் ஆகியன உடனிருக்கின்றன. இதில் பக்கம் என்ற நிலையான அலகு இல்லை. வாசகர் எழுத்தளவை மாற்றினால் வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மீண்டும் அமைந்துகொள்கின்றன. இதை மறுபாய்வு என்பர். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்லாத, எவரும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய தரம் என்பது இதன் இன்னொரு பலம். நாளை எல்லா மின்னூல் மென்பொருள்களும் மறைந்தாலும், பொதியை அவிழ்த்து உலாவியில் திறந்து படிக்கலாம்.

ஆயினும் இபப் ஆக்கிவிட்டதாலேயே தமிழ் நூல் நன்றாகிவிடுவதில்லை. முதலாவதாக, நூலின் மொழி தமிழ் என்பது கோப்பில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்குறிப்பு விடுபட்டாலோ, மென்பொருள் இயல்பாக இட்டுவைத்த ஆங்கிலம் என்ற குறிப்பு மாற்றப்படாமல் போனாலோ, வாய்விட்டுப் படிக்கும் கருவி தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்காது. சொல்லை வரியிறுதியில் பிரிக்கும் விதிகளும் இயங்கா. இந்தச் சொற்பிரிப்பு தமிழில் ஆங்கிலத்தைவிடப் பெரிய சிக்கல். சந்தியும் விகுதிகளும் சேர்ந்து ஒரே சொல் இருபது எழுத்துக்கு மேல் நீள்வது வழக்கம் என்பதால், சிறிய திரையில் இருபுற ஓரங்களையும் நேராக்கும்படி கோத்தால், அடுத்த நீண்ட சொல் வரியில் அடங்காமல் கீழே இறங்க, மேல் வரியில் மூன்று சொற்களுக்கிடையே ஆறுகள் போல வெற்றிடம் ஓடுகிறது. தமிழுக்குரிய சொற்பிரிப்பு விதிகள் டெக் அச்சுக்கோப்பு அமைப்பின் வழியாகத் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஆனால் எல்லா வாசிப்பு மென்பொருள்களும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே கைப்பேசி வாசகரை எண்ணும் பதிப்பாளர் இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, வலது ஓரத்தைத் தன் போக்கில் விட்டுவிடுவதே நலம். அச்சு நூலின் அழகுணர்வுக்கு இது உறுத்தலாகத் தோன்றலாம். வாசிப்புக்கு இதுவே உதவுகிறது.

எழுத்துருவை இபப் பொதிக்குள் சேர்த்து அனுப்புவது பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. யூனிக்கோடு உரையில் ஒலிப்பு வரிசையில் இருக்கும் குறிகளைக் காட்சி வரிசைக்கு மாற்றி, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் நிறுத்துவது எழுத்துருவும் மென்பொருளிலுள்ள எழுத்தமைப்புப் பொறியும் கூடிச் செய்யும் வேலை. அப்பொறி இல்லாத பழைய கருவியில் எத்தகைய எழுத்துருவைச் சேர்த்தாலும் தமிழ் உடைந்தே தெரியும். இருக்கும் கருவியில் எழுத்துருவைச் சேர்க்காவிட்டாலும் தமிழ் தெரியும். நூலின் தோற்றத்துக்கு எழுத்துரு இன்றியமையாததாயின், நோட்டோ தமிழ், மீரா இனிமை போல மறுபகிர்வுக்கு இடம்தரும் திறந்த உரிமம் கொண்டவற்றையே சேர்க்க வேண்டும். இதைவிட முக்கியமானது உரையின் சீர்மை. யூனிக்கோடில் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், சீராக்கப்படாத உரையில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமற்போகக்கூடும். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் நூல்களில் இது மறைந்திருக்கும் பிழை. வெளியீட்டுக்கு முன் உரை முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றும் சீராக்கம், நிரலுக்கு நொடிப்பொழுது வேலையே.

செய்யுள் நூல்களில் மறுபாய்வு வேறொரு வினாவை எழுப்புகிறது. நான்கு சீர் கொண்ட அடி சிறிய திரையில் உடைந்து இரண்டு வரியாகும்போது, அடி முடிந்ததா, இடம் போதாமல் மடங்கியதா என்று வாசகருக்குத் தெரியாமல் போகலாம்; வெண்பாவின் முச்சீர் ஈற்றடிக்கும் மடங்கிய வரிக்கும் வேறுபாடு மறைந்துவிடும். ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாகக் குறித்து, மடங்கும் பகுதி மட்டும் உள்தள்ளி விழும்படி பாணிக் கோப்பில் வரையறுத்தால் யாப்பு காப்பாற்றப்படும். மூலமும் உரையும் அடிக்குறிப்பும் அடுக்கடுக்காக வரும் பதிப்புகளுக்கு, குறிப்பெண்ணைத் தொட்டால் அதே இடத்தில் குறிப்பு விரியும் வசதியை இபப் மூன்றாம் பதிப்பு தருகிறது; உ. வே. சாமிநாதையர் மரபில் வந்த செறிவான பதிப்புகளை மின்னூலாக்குவோர் இதைப் பயன்படுத்தினால் அச்சு நூலைவிட எளிய வாசிப்பை அளிக்க முடியும். மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டும் என்னும் ஆய்வாளர்களின் நியாயமான கோரிக்கைக்கும் வழியுண்டு. அச்சுப் பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறது என்பதை உரைக்குள்ளேயே குறித்துவைக்க இபப் தரத்தில் இடமிருக்கிறது; தமிழ்ப் பதிப்பாளர்கள் இதைச் செய்யத் தொடங்கினால், ஆய்வேடுகளில் பிடிஎஃப்பை மட்டுமே நம்ப வேண்டிய காரணம் ஒன்று நீங்கிவிடும்.

தனியொரு நிறுவனத்தின் வடிவத்தைச் சார்ந்திருப்பதன் விளைவைக் கிண்டிலின் வரலாறு காட்டுகிறது. அமேசான் 2005இல் மோபிபாக்கெட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தை வாங்கி, அதன் மோபி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 2007 நவம்பரில் கிண்டில் வாசிப்புக் கருவியை வெளியிட்டது. 2011இல் கேஎஃப்8, 2015இல் கேஎஃப்எக்ஸ் என வடிவங்கள் அடுத்தடுத்து மாறின. அமேசான் தன் கடையில் தமிழ் நூல்களை அதிகாரபூர்வமாக ஏற்றதோ 2016 டிசம்பரில்தான். தொடக்ககாலக் கிண்டில் கருவிகள் தமிழை உடைத்துக் காட்டிய நிலையில், படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை வெளியிட்டுவந்த ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர், இபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே பெரிய எழுத்தில் கோத்த பிடிஎஃப் ஒன்றையும் வழங்கினர். பக்க அளவு திரையளவாகவே இருந்ததால் அது எந்தக் கருவியிலும் இழுக்காமல் நகர்த்தாமல் படிக்க ஏற்றதாயிற்று. அந்நாளைய இடைக்கால ஏற்பாடாகத் தோன்றிய அது இன்றைக்கும் பொருந்தும் சிறந்த யோசனை. 2022இல் அமேசான், வாசகர்கள் தம் கிண்டிலுக்கு அனுப்பும் கோப்புகளில் இபப்பை ஏற்கத் தொடங்கி, பின்னர் மோபியைக் கைவிட்டது. இன்று புதிதாக மோபி கோப்பு தயாரிப்பதற்கு எந்தக் காரணமும் எஞ்சவில்லை.

நூல்களைப் பூட்டி விற்பது பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எண்ம உரிமை மேலாண்மை எனப்படும் பூட்டு, வாங்கியவரின் கணக்கோடு கோப்பைப் பிணைத்து, வேறு கருவியில் திறக்காமல் தடுக்கிறது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டதும், அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கப்பட்ட நூல்கள் அனைத்தும் வாசகர்களின் கையைவிட்டுப் போயின. திருட்டைத் தடுக்கவே பூட்டு என்று பதிப்பாளர்கள் கூறுவதில் அவர்களின் உண்மையான இழப்பு பேசுகிறது. தமிழ் நூல்களின் பிடிஎஃப் படிகள் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் தடையின்றிச் சுற்றுவதை எவரும் அறிவர். ஆனால் அவ்வாறு சுற்றுபவற்றில் அச்சு நூலை வருடி எடுத்தவை ஏராளம். மின்னூலில் இடும் பூட்டு அவற்றைத் தொடுவதேயில்லை. பூட்டு தண்டிப்பது பணம் கொடுத்து வாங்கிய வாசகரை. வாங்கியவரின் பெயரையோ விற்பனை எண்ணையோ கோப்புக்குள் பதித்து அனுப்பும் நீர்க்குறி முறை, 2012இல் ஹாரி பாட்டர் மின்னூல்களுக்கே போதுமானதாகக் கருதப்பட்டது. தமிழ் நூலுக்கு அதைவிடக் கடுமையான காவல் தேவை என்று வாதிடுவது கடினம்.

பார்வைக் குறைபாடு உடையோரின் உரிமை இத்தேர்வில் கடைசியில் நினைக்கப்படும் பொருளாக இருந்துவருகிறது. முதலில் நினைக்கப்பட வேண்டியது அதுவே. அவர்களுக்கு உகந்த வடிவில் நூல்களை ஆக்கவும் நாடுகளிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. 2014 ஜூனில் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டின் திருத்தம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கான விலக்கைச் சேர்த்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அங்கே விற்கப்படும் மின்னூல்களுக்கும் பொருந்துவதால், பிரான்சிலும் ஜெர்மனியிலும் வாழும் தமிழரிடம் நூல் விற்கும் பதிப்பகங்கள், மிகச் சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு இருந்தபோதிலும், இதை அறிந்திருப்பது நல்லது. சட்டத்தின் கோரிக்கை நடைமுறையில் எளியது: தலைப்புகள் தலைப்பாகக் குறிக்கப்பட வேண்டும், படங்களுக்கு விளக்க உரை இருக்க வேண்டும், உரை திரைவாசிப்பானுக்கு உரையாகவே கிடைக்க வேண்டும். ஒழுங்காக ஆக்கிய இபப் இவற்றை இயல்பாக நிறைவேற்றுகிறது. பழைய எழுத்துருவில் கோத்த பிடிஎஃப்பால் இவற்றை எளிதில் நிறைவேற்ற முடியாது.

இபப்புக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: பிடிஎஃப் எந்தக் கைப்பேசியிலும் உடனே திறக்கிறது, இபப்புக்குத் தனிச் செயலி தேட வேண்டியிருக்கிறது, மின்னூலுக்குப் புதிய வாசகர் அந்த முதற்படியிலேயே திரும்பிவிடுகிறார். இது உண்மை, இதை ஏளனம் செய்யாமல் விடை தேட வேண்டும். ஒரே மூலத்திலிருந்து பல வடிவங்களை ஆக்குவதே அவ்விடை. தலைப்பு, பத்தி, மேற்கோள், செய்யுள், குறிப்பு ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்ட யூனிக்கோடு உரை ஒன்று கையில் இருந்தால், பாண்டாக் போன்ற கட்டற்ற மென்பொருள் அதிலிருந்து இபப்பையும், உலாவியில் நேரடியாகப் படிக்கும் பக்கத்தையும், கைப்பேசி அளவிலான பிடிஎஃப்பையும் ஆக்கித்தரும். இபப்செக் என்னும் கருவி ஆக்கிய கோப்பு தரத்துக்கு ஒத்துள்ளதா என்று சோதிக்கும். எதிர்த்திசையில், பிடிஎஃப்பிலிருந்து இபப் ஆக்குவது ஆங்கிலத்துக்கே அரைகுறையாக முடிகிறது. வரியிறுதிகள் பத்தி முடிவுகளாகி, பக்கத் தலைப்புகள் உரைக்குள் புகுந்து, தமிழில் கொம்புகளும் இடம்மாறி, மெய்ப்புச் செலவு தட்டச்சுச் செலவை எட்டிவிடுகிறது.

படமும் எழுத்தும் பிணைந்த சிறார் நூல்களுக்கும், வரைபடங்கள் நிறைந்த பாடநூல்களுக்கும் மட்டும் நிலைத்த பக்கம் தேவைப்படுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் சிறார் கதைகள் அவ்வாறே வழங்கப்படுகின்றன. நாவல், சிறுகதை, கட்டுரை, தன்வரலாறு ஆகிய எல்லாவற்றுக்கும் இபப்பே முதன்மையாகவும், திரையளவுப் பிடிஎஃப் துணையாகவும், நெடுங்காலக் காப்புக்கு வெற்று உரை ஒன்றும் இருந்தால் போதும். ஏ4 பிடிஎஃப் தாளில் அச்சிட்டுப் படிப்போருக்கு மட்டுமே.

இவை எதுவும் பெரும் பணச் செலவைக் கோருவன அல்ல. பதிப்பகத்தார் பக்க வடிவமைப்பாளரிடமிருந்து இறுதிக் கோப்பைப் பெறும் நாளில், அச்சுக்குரிய பிடிஎஃப்போடு, மெய்ப்புத் திருத்தங்கள் அனைத்தும் ஏறிய யூனிக்கோடு உரையையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். எழுத்தாளர்களும் தம் நூலின் அவ்வுரைப் படி ஒன்றைப் பதிப்பகத்திடம் கேட்டுப் பெற்றுத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.